மலைவீட்டுத் தோட்டத்தில் மொசைக் வேலை: மழையும் பனியும் தாங்குவதற்கு

குன்னூரில் வசிக்கும் நீங்கள், உடைந்த தேநீர்க் கோப்பைகள், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள், பழைய கண்ணாடி வளையல்கள், பாட்டில்கள், கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைச் சில்லுகளாக ஒட்டிப் பதிக்கும் மொசைக் வேலையாக வாசலுக்கு ஒரு பெயர்ப் பலகையும், தோட்டத்துக்கு நடைகற்களும், பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தட்டும் செய்ய விரும்புகிறீர்கள். ஆனால் ஒரு மண்தொட்டியின் மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டிய சில்லுகள் ஐப்பசி மழை முடிவதற்குள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டதால், மேற்கொண்டு செய்யலாமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அந்தத் தொட்டி ஏன் உதிர்ந்தது என்பதை முதலில் புரிந்துகொண்டால், மற்ற மூன்று பொருள்களையும் எப்படிச் செய்வது என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும் என்பது ஒரு காரணம். ஆனால் நல்ல பசையைப் பயன்படுத்தியிருந்தாலும் அந்தத் தொட்டி நெடுநாள் தாங்கியிருக்காது. சுட்ட மண்தொட்டியின் சுவர் முழுவதும் நுண்துளைகள் உள்ளன. உள்ளே இருக்கும் மண்ணுக்கு நாம் ஊற்றும் தண்ணீர் அந்தத் துளைகளின் வழியே ஊறி வெளிப்பக்கம் வந்து ஆவியாவதுதான் மண்தொட்டியின் இயல்பு. வெளிப்பக்கத்தை மெருகிட்ட பீங்கானால் மூடிவிட்டால் ஊறிவரும் நீர் வெளியேற வழியில்லாமல் சில்லின் முதுகில் தங்கி, பசையை நாள்தோறும் ஊறவைக்கிறது. கூடவே மண்ணிலும் உரத்திலும் உள்ள உப்புகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. சமவெளியில் வெயில் அடிக்கும்போதாவது அது காய்ந்துவிடும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி கலையாததால் அந்த வாய்ப்பும் இல்லை. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளிலோ டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் புல்வெளியே வெண்மையாக உறைந்துபோகிறது. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். சில்லுக்குப் பின்னால் தங்கிய நீர் அவ்வாறு பெருகும்போது எந்த ஒட்டும் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே மலைப்பகுதியில் மொசைக் செய்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பின்பக்கத்திலிருந்து ஈரம் வருமா என்பதே. முன்பக்கம் விழும் மழை அடுத்த கவலைதான்.

தொட்டியை மீண்டும் செய்வதானால் மண்ணைக் கொட்டிக் கழுவி, வீட்டுக்குள் ஒரு வாரமாவது நன்றாகக் காயவிடுங்கள். பிறகு உட்புறத்தில் அக்ரிலிக் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை, அதாவது தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மொட்டைமாடிகளுக்கும் அடிக்கும் நீர்க்காப்புப் பூச்சை, முதல் தடவை நெடுக்காகவும் அது காய்ந்தபின் இரண்டாம் தடவை குறுக்காகவும் அடியுங்கள். அடியில் உள்ள வடிகால் துளையின் உள்விளிம்புக்கும் பூச்சு வேண்டும், ஆனால் துளை அடைபடக் கூடாது. இதைவிடவும் எளிய வழி, செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை மொசைக் தொட்டிக்குள் இறக்கிவைப்பது. என் அனுபவத்தில் இதுவே அதிகக் காலம் தாங்குகிறது. வெளிப்பக்கத்தில் தரையை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சில்லு ஒட்டாமல் விட்டு, தொட்டியை மூன்று சிறு கற்களின் மேல் நிறுத்துங்கள். மேல் விளிம்பில் சில்லுகளுக்கும் தொட்டிக்கும் இடையே தண்ணீர் இறங்காதபடி கிரவுட்டை, அதாவது சில்லுகளின் இடைவெளிகளை நிரப்பும் சிமெண்ட் விழுதை, சரிவாக வழித்து முடிப்பது மிகவும் அவசியம். பெரும்பாலான தொட்டிகளில் உதிர்தல் அந்த விளிம்பிலிருந்தே தொடங்குகிறது.

வளைந்த பரப்பில் பெரிய துண்டுகளை ஒட்டக் கூடாது. தட்டையான துண்டு வளைவின் மேல் நடுவில் மட்டும் படிந்து, ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் நீர் தேங்கும். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1900 முதல் 1914 வரை உருவான பார்க் குவெல் பூங்காவின் நெளிந்து செல்லும் நீண்ட இருக்கையில், கட்டடக் கலைஞர் அன்டோனி கௌடியும் அவருடன் பணியாற்றியவர்களும் டைல்ஸை உடைத்துப் பதித்திருக்கிறார்கள். முழு டைல்ஸ் வளையாது என்பதால் அந்த நெளிவுகளை மூட உடைத்த துண்டுகளே ஏற்றவை. சாதாரணப் பூந்தொட்டிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத சில்லுகள் போதும்.

இனி நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பொருள்களைப் பிரித்துக்கொள்வோம். குளியலறைச் சுவருக்குப் பதிக்கும் சாதாரண டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. தரைக்குப் பதிக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. இரண்டும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரிந்தாலும், உறைபனி விழும் தோட்டத்தில் முன்னது மெருகு உரிந்து பொரிந்துபோகும், பின்னது அப்படியே இருக்கும். கண்டறிவது எளிது: துண்டின் மெருகில்லாத முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சி மறைந்தால் அது வீட்டுக்குள் பயன்படுத்த வேண்டியது. முத்தாக நின்றால் வெளியே தாராளமாகப் பயன்படுத்தலாம். கோப்பைகளுக்கும் இதே சோதனைதான். உடைந்த விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாகவும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்ல ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கும் மெல்லிய பீங்கான் மழையையும் பனியையும் தாங்கும். உடைந்த இடம் சுண்ணாம்புபோல் மாவாகவோ செம்மண் நிறமாகவோ தெரியும் தடித்த கோப்பைகளை உள்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்பதால் மலைத்தோட்டத்துக்கு அதைவிட ஏற்ற பொருள் கிடையாது. தேன், மருந்து, சாஸ் பாட்டில்களைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து, தாளை உரித்து, தடித்த சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடைக்கலாம். நீலகிரியில் மதுபாட்டில்களுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தரும் முறை 2022 முதல் நடப்பில் உள்ளது. காட்டோரங்களில் எறியப்படும் பாட்டில்கள் யானைகளின் கால்களைக் கிழிப்பதைத் தடுக்க உயர் நீதிமன்றம் எடுத்த முயற்சியின் விளைவு அது. ஆகவே அந்தப் பாட்டில்களைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. உடைத்த கண்ணாடியின் ஓரங்களைத் தண்ணீரில் நனைத்த கார்பொரண்டம் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்குவதைத் தவிர்க்க வேண்டாம். பாட்டில் துண்டு வளைவாக இருக்குமாதலால் குவிந்த பக்கம் மேலே வரும்படி வைத்து, அடியிலுள்ள குழியைப் பசையால் முழுதும் நிரப்ப வேண்டும். நிறக் கண்ணாடிக்கு வெள்ளை நிற டைல்ஸ் பசை மாவையே பயன்படுத்துங்கள் (மரவேலைப் பசையை அல்ல); சாம்பல் நிறச் சிமெண்ட் அடியில் இருந்தால் அழகான பச்சையும் நீலமும் கறுத்துத் தெரியும்.

முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் வெளியில் ஆகாது. அவற்றின் முதுகிலுள்ள வெள்ளிப் பூச்சு ஈரத்தாலும் சிமெண்டின் காரத்தாலும் கரும்புள்ளிகளாக அரித்துப்போகும். உள்ளே பயன்படுத்தும்போதும் ஓரங்களில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, வினிகர் நெடி அடிக்காத வகைச் சிலிக்கானால் ஒட்டுங்கள். நெடி அடிக்கும் வகையில் வெளிப்படும் அமிலம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். வளையல்களைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட வேண்டியதில்லை. சண்டிகரில் நேக் சந்த் என்ற அரசு ஊழியர் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உருவாக்கி, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தில், உடைந்த வளையல்களால் மூடிய உருவங்கள் திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. ஆனால் நிறம் கண்ணாடிக்குள்ளேயே ஊறியிருக்கும் வளையல்களையே வெளியில் வையுங்கள். மேலே ஜிகினாவும் தங்க வண்ணமும் பூசியவை ஒரு மழைக்காலத்தில் வெளுத்துவிடும். சிப்பிகளை நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் கடல் உப்பு இறங்கும். இல்லாவிட்டால் கிரவுட்டின் மேல் வெள்ளை பூத்துக்கொண்டே இருக்கும். பவளத் துண்டுகள் கிடைத்தாலும் எடுக்காதீர்கள், அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

தைல மரத்தின் பொத்தான் போன்ற காய்மூடிகள், பைன் காய்கள், விதைகள், பித்தளைப் பொத்தான்கள், பழைய சாவிகள் ஆகியவற்றைக் கலக்க ஆசைப்படுவது இயல்பு. மூடிகளும் காய்களும் விதைகளும் நம் மலைகளின் தரையில் கிடப்பவை என்பதால் எனக்கும் அவற்றின் மேல் பற்று அதிகம். ஆனால் இவை எல்லாம் வீட்டுக்குள் வைக்கும் தட்டு, கண்ணாடிச் சட்டம், சுவர்ப்படம் ஆகியவற்றுக்கே உரியவை. விதைகள் ஈரத்தில் உப்பும், இரும்பு துருப்பிடித்துக் கிரவுட்டைக் கறையாக்கும், பித்தளை பச்சை பூக்கும். உள்வேலைக்குப் பிளைவுட் பலகையும் நீங்கள் வாங்கிய வெள்ளைப் பசையுமே போதும். விதைகளை வெயிலில் நன்றாக உலர்த்தி, வார்னிஷ் தடவிய பிறகு ஒட்டினால் பூச்சி அரிக்காது. விதைகள் உள்ள பகுதியில் கிரவுட் இட வேண்டாம், அது இடுக்குகளில் புகுந்து அசிங்கமாகிவிடும்.

வெளிவேலைக்குப் பாலிமர் கலந்த, வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று பையில் அச்சிட்டிருக்கும் டைல்ஸ் பசை மாவை வாங்குங்கள். கண்ணாடிக்கும் விட்ரிஃபைட் டைல்ஸுக்கும் சாதாரண சிமெண்ட் பிடிக்காது. அவற்றுக்கு ஊறும் துளை இல்லாததால் பாலிமரே ஒட்டைத் தாங்குகிறது. மலைக்காற்றில் சிமெண்ட் மாவு சீக்கிரம் ஈரம் வாங்கிக் கட்டியாகும். ஆகவே சிறு அளவாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கட்டி தட்டிய மாவை உடைத்துச் சலித்துப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு சில்லின் முதுகு முழுவதிலும் பசையைத் தடவி அழுத்த வேண்டும். நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்து ஒட்டினால் சுற்றிலும் வெற்றிடம் இருக்கும். சில்லுகளுக்கிடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பசை அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் பிதுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைகற்களுக்கு நான் சொல்வது தலைகீழ் முறை, ஏனெனில் கால் வைக்கும் பரப்பு சமமாக இருக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினை எடுத்து, அதன் அடியளவுக்குத் தாள் வெட்டி, அதில் கோலத்தையோ இலையையோ வரைந்துகொள்ளுங்கள். எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுத வேண்டும். சில்லுகளை முகம் தாளின் மேல் படியும்படி மைதாப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் தாள் அடியில் இருக்குமாறு, எண்ணெய் தடவிய பேசினுக்குள் இறக்குங்கள். முதலில் நைசான சிமெண்ட் விழுதை இடைவெளிகளுக்குள் விரலால் அழுத்தி நிரப்புங்கள். பிறகு ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த கலவையைப் பாதி உயரத்துக்குக் கொட்டி, கோழிவலைத் துண்டு ஒன்றைப் படுக்கவைத்து, மீதியை நிரப்பி, பேசினின் பக்கங்களைத் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். தடிமன் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவுள்ள ஒரு கல்லுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான சிமெண்டும் மூன்றரை லிட்டர் மணலும் பிடிக்கும். எடை எட்டுக் கிலோ அளவில் இருக்கும். ஈரச் சாக்கால் மூடி, அதன்மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி, மூன்று நாள் கழித்துக் கவிழ்த்து எடுத்து, தாளை நனைத்து உரித்துவிடுங்கள். மேலும் ஒரு வாரம் ஈரத்திலேயே வைத்திருந்து, வார்த்த நாளிலிருந்து நான்கு வாரம் ஆனபிறகு தோட்டத்தில் பதியுங்கள்.

நடைகல்லில் சிப்பியும் வளையலும் வேண்டாம், பளபளப்பான டைல்ஸும் குறைவாக இருக்கட்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை பாசி படியும் நம் தோட்டங்களில் வழுவழுப்பான பரப்பின் மேல் வயதானவர்கள் கால் வைப்பது ஆபத்து. சொரசொரப்பான தரை டைல்ஸ், உடைந்த ஓட்டுச் சில்லு, கூழாங்கல் ஆகியவற்றை அதிகமாகவும், கண்ணாடியைச் சிறு துணுக்குகளாகவும் வைத்து, இடைவெளியைச் சற்று அகலமாக விட்டால் காலுக்குப் பிடி கிடைக்கும். ஓட்டுச் சில்லு துளையுள்ளதுதான் என்றாலும் உறைபனி அரிதான குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் தடித்த பழைய ஓடு நன்றாகவே தாங்குகிறது. பதிக்கும்போது பத்து சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, பாதியைச் சிறு ஜல்லியால் நிரப்பி, கல்லை அடிக்குக் கால் அங்குலம் சரிவாக அமர்த்துங்கள். செம்மண்ணின் மேல் நேரடியாக வைத்தால் அடியில் நீர் தேங்கி, கல் ஆடத் தொடங்கும்.

பெயர்ப் பலகைக்குப் பிளைவுட் வேண்டவே வேண்டாம். எவ்வளவு உயர்ந்த வகையானாலும் ஓரத்தில் ஈரம் ஏறி அடுக்கடுக்காக விரியும். ஒரு கடப்பைக் கல் பலகையோ சிமெண்ட் ஃபைபர் போர்டோ வாங்கி, திருகாணித் துளைகளை முதலிலேயே போட்டுக்கொண்டு, பிறகு சில்லு ஒட்டுங்கள். சுவரில் பொருத்தும்போது ஒவ்வொரு துருப்பிடிக்காத திருகாணிக்கும் பின்னால் ஒரு சிறு குழாய்த் துண்டைக் கோத்து, பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும்படி விடுங்கள். மலைவீடுகளின் வெளிச்சுவர் மழைக்காலம் முழுவதும் நனைந்தே இருக்கிறது. எழுத்துக்கு ஒரே நிறம், ஒரே பொருள், பின்னணியில்தான் கலவை. மூடுபனியில் நிறங்கள் மங்குவதால் அடர்நீலம் அல்லது கறுப்பு எழுத்தும் வெண்மை, மஞ்சள் பின்னணியும் தூரத்திலிருந்து படிக்க முடியும். தமிழ் எழுத்தின் சுழிகளை நேர் சில்லுகளால் அமைப்பது கடினம். கோப்பைகளின் வளைந்த விளிம்புத் துண்டுகளும் வளையல் துண்டுகளும் அந்தச் சுழிகளுக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. உங்கள் வளையல்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

பறவைத் தட்டின் ஆழம் நடுவில் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாமல், ஓரத்தை நோக்கி மெல்ல மேலேற வேண்டும். செம்மீசைச் சின்னான் போன்ற சிறு பறவைகள் கால் வழுக்காமல் இறங்குவதற்குக் கூழாங்கற்கள் பதித்த சரிவே உகந்தது. புதுச் சிமெண்டிலிருந்து காரம் கசியுமாதலால் முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பித் தினமும் மாற்றி, பிறகே பறவைகளுக்கு விடுங்கள். உயரமான தூணின் மேல் வைக்காமல் தரையை ஒட்டிய தட்டையான கல்லின் மேல் வைப்பது நல்லது: குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் காட்டெருமை நுழைவது புதிதல்ல, தூண் அதன் தோள் உரசினாலே சாய்ந்துவிடும். கண்ணாடிச் சில்லும் கூர் ஓரமும் தட்டில் கூடவே கூடாது.

கிரவுட் இடும்போது அவசரம் வேண்டாம். பசை இறுக வெயில் நாளில் ஒரு நாள் போதும், மூடுபனிக் காலத்தில் மூன்று நாளாவது விடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிக்கு மணல் கலந்த கிரவுட், அதற்குக் குறைந்தால் நைசான வகை. தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மெதுவடை மாவின் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நீர் அதிகமானால் காய்ந்தபின் வெடிப்பு விடும். ரப்பர்த் தகட்டால் குறுக்காக இழுத்து நிரப்பி, அரைமணி நேரம் கழித்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்து, மறுநாள் மேலே படிந்த வெண்படலத்தை உலர்ந்த துணியால் தேயுங்கள். வெள்ளை கிரவுட்டை நான் மலைத்தோட்டத்துக்குப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஓராண்டில் அது பச்சை பிடிக்கும். சாம்பல், பழுப்பு, கறுப்பு ஆகியவை பாசியை மறைப்பதுடன் நிறங்களையும் எடுத்துக்காட்டும். மிஞ்சிய கலவைத் தண்ணீரைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாமல் வாளியில் தெளியவிட்டு, அடியில் இறுகியதைக் கட்டடக் குப்பையோடு சேருங்கள்.

வேலைக்கு உகந்த காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை. சிமெண்ட் இறுகுவது ஒரு வேதிவினை. குளிர் மிகுந்தால் அது மந்தமாகி, ஐந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இறுகுவதற்கு முன் இரவில் உறைந்துவிட்டால் அந்தக் கலவை என்றைக்கும் பலம் பெறாது. ஊட்டியில் இருப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் சமையலறை ஓரத்தில் வைத்துத்தான் வார்க்க வேண்டும்.

உடைக்கும்போதும் வெட்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியும், சிமெண்ட் தொடும்போது ரப்பர்க் கையுறையும் அணியுங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். டைல்ஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டுங்கள். பழைய கூரையிலிருந்து கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அடிப்பலகையாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது, அதன் இழைகள் மூச்சுக்குள் போனால் தீராத நோய் தரும்.

கோலங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் பூத்தையலில் வரும் சிவப்பு, கறுப்பு வடிவங்கள் இழைகளை எண்ணித் தைக்கப்படுபவை ஆதலால் சிறு சதுரச் சில்லுகளில் அழகாக அமையும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலை ஒரு சமூகத்தின் உடைமை. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு அதன் சாயலில் செய்து மகிழலாம். விற்பனைக்குச் செய்தால் தோடர் வேலை என்று அதை அழைக்காதீர்கள்.

முடித்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் மே மாதத்தில், எல்லாவற்றையும் மென்மையான தூரிகையால் கழுவி, ஒவ்வொரு சில்லையும் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அடியில் ஒட்டு விட்டிருக்கிறது. சுற்றியுள்ள கிரவுட்டைக் கூரான உளியால் சுரண்டி, அந்தச் சில்லை எடுத்து, பழைய பசையை முழுதும் நீக்கிக் காயவிட்டு, புதிதாக ஒட்டிக் கிரவுட் நிரப்புங்கள். அதை அப்படியே விட்டுவைத்தால் மழை முடியும்போது பக்கத்திலுள்ளவையும் கழன்றிருக்கும். அமிலம் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை மட்டும் தவிருங்கள், அது கிரவுட்டை அரித்துவிடும்.